செயற்கைச் சிறுநீரகம் வந்த வழி

மலாக்கா மாநிலத்தில் பாச்சாங் வட்டாரத்திலும் அதைச் சுற்றியுள்ள குடியிருப்புகளிலும் விடியற்காலையில் ஒரு காட்சியைக் காணலாம். கையில் ஒரு துணிப்பை. பைக்குள் ஒரு போர்வை, ஒரு ரொட்டிப் பொட்டலம். வாகனம் வரும் திசையைப் பார்த்தபடி சிலர் சாலையோரத்தில் நிற்பார்கள். நம் பாட்டன்மார் இதே நேரத்தில் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுக்க நின்றார்கள். இன்று நிற்பவர்கள் இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறவர்கள். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம். மழை பெய்தாலும், தீபாவளி வந்தாலும், மகளுக்குத் திருமணமே நடந்தாலும் அந்த முறை தவறக் கூடாது.

இவர்களுக்கு உயிர் கொடுக்கும் அந்த இயந்திரம் எங்கிருந்து வந்தது? யார் செய்தார்கள்? செல்வந்தர்க்கும் எட்டாத ஒன்றாக இருந்தது, பால் வெட்டிய ஒருவர் கை நீட்டிப் படுக்கும் அளவுக்கு எப்படி நம்மிடம் வந்து சேர்ந்தது? இன்று அந்த வரலாற்றைப் பேசுவோம். நோயாளிக்கும் அவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கும் இந்த வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. அதற்காகவே இதை எடுத்துக்கொண்டோம்.

முதலில் சிறுநீரகம் செய்யும் வேலையைத் தெரிந்துகொள்வோம். முதுகுப்புறத்தில், விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியை ஒட்டி, மூடிய கைப்பிடி அளவில், அவரை விதை வடிவில் இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீர் இரத்தத்திலிருந்து அவற்றின் வழியே வடிகிறது. அதில் பெரும்பகுதியை உடல் திரும்ப எடுத்துக்கொள்ள, எஞ்சிய ஒன்றரை லிட்டர் போல்தான் சிறுநீராக வெளியேறுகிறது. உடலில் சேரும் கழிவும், மிகுதியான உப்பும், வேண்டாத நீரும் அதனுடன் போய்விடுகின்றன. புதிய இரத்தம் ஊறுவதற்குத் தூண்டுகோலாக இருக்கும் சுரப்பு ஒன்றும் சிறுநீரகத்திலிருந்தே வருகிறது.

இந்த வேலை நின்றால் என்ன ஆகும்? கால் வீங்கும், முகம் வீங்கும், சோறு பிடிக்காது, வாந்தி வரும், படுத்தால் மூச்சு முட்டும், கடைசியில் நினைவு தப்பும். அக்காலத்துத் தோட்டப் பெரியவர்கள் இதை, “உடம்பில் நீர் ஏறிவிட்டது” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். டிரஸ்ஸரிடம் இதற்கு மருந்து இல்லை. நகரத்துப் பெரியாஸ்பத்திரியிலும் இல்லை. உலகத்திலேயே இல்லை.

1861ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு வேதியல் அறிஞர் தாமஸ் கிரகாம் ஓர் ஆய்வை வெளியிட்டார். மெல்லிய தாள் ஒன்றின் ஒருபுறம் கரைசலையும் மறுபுறம் தண்ணீரையும் வைத்தால், உப்புப் போன்ற சிறு பொருள்கள் தாளைக் கடந்து நீருக்குள் போய்விடுகின்றன. பசை போன்ற பெரும் பொருள்கள் கடக்காமல் நின்றுவிடுகின்றன. இதற்கு அவர் இட்ட பெயர்தான் ‘டயாலிசிஸ்’. நம் வீட்டுச் சல்லடை மாவை விட்டுத் தவிட்டை நிறுத்துகிறது அல்லவா? அதே முறைதான். ஆனால் இந்தச் சல்லடையின் கண்கள் நம் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை.

இந்த உண்மையை உயிருள்ள உடலுக்குப் பயன்படுத்த அரை நூற்றாண்டு சென்றது. 1913இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான் ஏபெல் என்பவரும் அவருடைய துணைவர்களும் ஒரு நாயின் இரத்தத்தை மெல்லிய குழாய்களில் ஓடவிட்டுச் சுத்தம் செய்து, உடலுக்கே திருப்பி அனுப்பினார்கள். இரத்தம் வெளியே வந்தால் உறைந்துவிடுமே, என்ன செய்வது? அவர்கள் அட்டைப்பூச்சியை நாடினார்கள். அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நெடுநேரம் கசிந்துகொண்டே இருப்பதைக் காட்டிலும் தோட்டத்திலும் வேலை செய்த நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அட்டையின் தலைப்பகுதியில் உள்ள, இரத்தத்தை உறையவிடாத அந்தப் பொருளைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தினார்கள். 1924இல் ஜெர்மனியில் கீசன் நகர மருத்துவர் ஜார்ஜ் ஹாஸ் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இதைச் செய்து பார்த்தார். சிகிச்சை நடந்தது சுமார் 15 நிமிடம். அந்த முயற்சிகளில் நோயாளி எவரும் பிழைக்கவில்லை. ஆனால் மனித உடல் இந்தச் சிகிச்சையைத் தாங்கும் என்பது தெரிந்தது.

அடுத்து வருபவர்தான் இந்த வரலாற்றின் நாயகர். பெயர் வில்லெம் கோல்ஃப்; நெதர்லாந்து நாட்டவர். 1938ஆம் ஆண்டு வாக்கில் அவர் கிரோனிங்கன் நகர மருத்துவமனையில் இளம் மருத்துவர். அவருடைய பொறுப்பில் இருந்த 22 வயது இளைஞன் ஒருவன், ஓர் ஏழை விவசாயியின் மகன், சிறுநீரகம் செயலிழந்து கண் தெரியாமல், வாந்தி எடுத்து, சிறிது சிறிதாக இறந்துபோனான். அந்தச் செய்தியை அவனுடைய தாயிடம் சொல்ல வேண்டிய கடமை இந்த இளம் மருத்துவருக்கு வந்தது. நாளொன்றுக்குச் சில கரண்டி அளவு கழிவுப் பொருளை அவன் உடலிலிருந்து எடுத்திருந்தால் அவன் வாழ்ந்திருப்பானே என்ற எண்ணம் அவரை விடவில்லை.

தொத்திறைச்சி செய்பவர்கள் இறைச்சியைத் திணிக்கும் செல்லோபேன் குழாய் ஒன்றை அவர் வாங்கினார். அதில் சிறிதளவு இரத்தத்தை ஊற்றி, கழிவுப் பொருளையும் கலந்து, உப்பு நீரில் போட்டு ஆட்டினார். சில நிமிடங்களில் கழிவு ஏறத்தாழ முழுவதும் நீருக்குள் வந்துவிட்டது. அதற்குள் போர் மூண்டு, 1940இல் ஹிட்லரின் படை நெதர்லாந்தைப் பிடித்தது. கோல்ஃப் காம்பன் என்னும் சிற்றூர் மருத்துவமனைக்குப் போனார். பொருளுக்குத் தட்டுப்பாடு, அந்நியர் ஆட்சி, எங்கும் கண்காணிப்பு. அந்த நிலையில், ஊரிலிருந்த எனாமல் பாத்திரத் தொழிற்சாலைக்காரர் ஒருவரின் உதவியோடு, மரச்சட்டங்களால் ஆன ஓர் உருளையைச் செய்தார். அதைச் சுற்றிச் செல்லோபேன் குழாயைச் சுருட்டி, உருளையின் கீழ்ப்பாதி உப்பு நீர்த் தொட்டியில் அமிழ்ந்து சுழலும்படி அமைத்தார். சுழலும் குழாயில் இரத்தம் கசியாமல் ஓட, போர்ட் மோட்டார் வண்டியின் தண்ணீர்ப் பம்பில் இருந்த இணைப்பு முறையைப் பின்பற்றினார்.

1943ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் நோயாளிக்குச் சிகிச்சை தொடங்கியது. அவர் 29 வயதுப் பணிப்பெண். ஒவ்வொரு முறையும் தேறினார்; ஆனால் ஒவ்வொரு முறையும் ஓர் இரத்தக் குழாயைத் திறக்க வேண்டியிருந்தது. 12 முறை முடிந்ததும் திறப்பதற்குக் குழாய் இல்லாமல் போயிற்று. அந்தப் பெண் இறந்தார். இயந்திரம் வென்றது, உடலுக்குள் போகும் வழிதான் அடைபட்டது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் இதற்கே வருவோம்.

முதல் 16 நோயாளிகளில் கோல்ஃபின் இயந்திரத்தால் பிழைத்தோம் என்று சொல்லக்கூடியவர் இல்லை. போர் முடிந்த 1945 செப்டம்பரில் 17ஆவது நோயாளி வந்தார். 67 வயது மூதாட்டி. பகைவரோடு சேர்ந்திருந்தவர் என்று சிறையில் அடைக்கப்பட்டவர். ஊரே வெறுத்த அந்த மூதாட்டிக்கும் கோல்ஃப் அதே அக்கறையோடு சிகிச்சை செய்தார். மூதாட்டி கண் விழித்தார். மேலும் பல ஆண்டுகள் வாழ்ந்தார். செயற்கைச் சிறுநீரகத்தால் முதலில் உயிர் பிழைத்தவர் அவரே. கோல்ஃப் தாம் செய்த இயந்திரங்களை இலண்டன், நியூயார்க் போன்ற நகரங்களின் மருத்துவமனைகளுக்கு இலவசமாகவே அனுப்பினார். 2009இல், 97ஆவது வயதில் அவர் மறைந்தார்.

இயந்திரம் வந்தது. ஆயினும் அது திடீரெனச் சிறுநீரகம் நின்று, சில வாரங்களில் தானே திரும்பி வேலை செய்யக்கூடிய நோயாளிகளுக்கு மட்டுமே பயன்பட்டது. நிரந்தரமாகச் செயலிழந்தவர்களுக்கு, வாரந்தோறும், ஆண்டுக்கணக்கில் எப்படிச் செய்வது? உடலுக்குள் போகும் வழி எங்கே?

அந்த வழியை 1960ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர் கண்டார். டெஃப்ளான் என்னும் பொருளில் எதுவும் எளிதில் ஒட்டாது. அதனாலான சிறு குழாய்களைக் கையின் தமனியிலும் சிரையிலும் நிலையாகப் பொருத்தி, வெளியில் வளைவாக இணைத்துவிட்டார். சிகிச்சை வேளையில் அந்த இணைப்பைக் கழற்றி இயந்திரத்தோடு சேர்த்தால் போதும். முதலில் அதைப் பொருத்திக்கொண்டவர் கிளைட் ஷீல்ட்ஸ் என்னும் தொழிற்சாலைத் தொழிலாளி. அன்று இறக்கும் நிலையில் இருந்த அவர், 1971 வரை, 11 ஆண்டுகள் வாழ்ந்தார்.

இங்கே வரலாற்றில் ஒரு வேதனையான பக்கம் வருகிறது. இயந்திரங்கள் சில, உயிருக்குப் போராடுவோர் பலர். யாருக்குக் கொடுப்பது? சியாட்டிலில் ஏழு பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தார்கள். ஒரு வழக்கறிஞர், ஒரு சமயப் போதகர், ஒரு வங்கியாளர், ஓர் இல்லத்தரசி, ஓர் அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஓர் அறுவை மருத்துவர். வேலை இருக்கிறதா, மனைவி மக்கள் உண்டா, தேவாலயத்துக்குப் போகிறவரா என்றெல்லாம் பார்த்து, வாழ வேண்டியவர் யார் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். 1962இல் ‘லைஃப்’ பத்திரிகை இதை வெளியிட்டபோது நாடே அதிர்ந்தது. உயிரின் விலையைச் சம்பளச் சீட்டைப் பார்த்தா சொல்வது என்று மக்கள் கேட்டார்கள். பத்து ஆண்டுக் குரலுக்குப் பின், 1972இல் அமெரிக்க அரசு சிறுநீரக நோயாளிகளின் சிகிச்சைச் செலவை ஏற்கச் சட்டம் செய்தது.

அந்தக் குழுவால் மறுக்கப்பட்டவர்களில் பள்ளிப் பருவச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். வயது போதவில்லை என்பது காரணம். அவளுடைய தந்தையின் நண்பர் ஒருவர் பொறியியல் பேராசிரியர், பெயர் பாப். அவரும் அவருடைய குழுவினரும் இரவு பகலாக உழைத்து, வீட்டில் வைத்து இயக்கக்கூடிய சிறிய இயந்திரம் ஒன்றைச் சில மாதங்களில் உருவாக்கினார்கள். 1964இல் அந்தச் சிறுமிக்கு அவள் வீட்டிலேயே சிகிச்சை நடந்தது. இயக்கியவர்கள் வீட்டார். அதே காலத்தில் இலண்டனில் மருத்துவர் ஸ்டான்லி ஷால்டன், நோயாளிகளே தங்கள் இயந்திரத்தைப் பூட்டவும் இயக்கவும் பழக்கினார். தாதியர் போதாத குறைதான் அதைத் தொடங்கி வைத்தது. ஆனால் பழகியவர்கள் நன்றாகவே வாழ்ந்தார்கள்.

நேயர்களே, இந்த இடத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். மருத்துவர் மட்டும் தொடக்கூடியது என்று கருதப்பட்ட இயந்திரத்தை ஒரு குடும்பம் கற்றுக்கொண்டது. தன் நோயைத் தானே மேற்பார்க்கும் பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

உடலுக்குள் போகும் வழி 1966இல் இன்னும் எளிதாயிற்று. நியூயார்க் மருத்துவர்கள் பிரெசியா, சிமினோ முதலியோர், வெளியில் குழாயே இல்லாமல், கையில் உள்ள ஒரு சிரையைத் தமனியோடு தைத்து இணைக்கும் அறுவையை அறிவித்தார்கள். சில வாரங்களில் அந்தச் சிரை பருத்து, உறுதியாகி, ஊசி ஏற்றத் தக்கதாகிறது. இன்று நம்மவர் கையில் புடைத்து, தொட்டால் துடிக்கும் அந்த இடம் இதுதான்.

இதைப் பால்மரம் வெட்டியவர்களுக்கு விளக்குவது எளிது. நல்ல வெட்டுக்காரர் பட்டையை அளவாகச் சீவுவார். வெட்டிய இடத்திலேயே மறுபடி ஆழமாக இறக்கமாட்டார். பட்டை மீண்டும் வளர இடம் விடுவார். கத்தி மரத்தின் உள்ளே பட்டுவிட்டால் அந்த இடம் முண்டு முண்டாகிப் பின்னர் வெட்ட உதவாது. கையில் ஊசி ஏற்றும் இடமும் அப்படியே. ஒரே புள்ளியில் மீண்டும் மீண்டும் குத்தாமல், தாதியர் இடம் மாற்றி மாற்றிக் குத்துவது இதற்காகத்தான். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ, சோதனைக்கு இரத்தம் எடுக்கவோ விடக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. தலைக்கு வைத்துப் படுக்கக் கூடாது. தினமும் காலையில் விரல் வைத்துத் துடிப்பைப் பார்க்க வேண்டும். துடிப்பு நின்றிருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; நாளைக்கு என்று விடக் கூடாது. குழாய் கிடைக்காமல் 1943இல் இறந்த அந்தப் பணிப்பெண்ணை நினைத்தால், இந்தக் கை எவ்வளவு பெரிய சொத்து என்பது விளங்கும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1969இல் தேசியச் சிறுநீரக அறநிறுவனம் தோன்றியது. 1975 டிசம்பரில் கோலாலம்பூர்ப் பொது மருத்துவமனையில் நாட்டின் முதல் சிறுநீரக மாற்று அறுவை நடந்தது; அதைச் செய்தவர் டாக்டர் ஹுசேன் அவாங். அதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1971இல், நம் தமிழகத்து வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்திருந்தது. இங்கே சிறுநீரக மருத்துவத்தை வளர்த்தவர்களில் டாக்டர் அபு பாக்கார் சுலைமான் முக்கியமானவர். பிற்காலத்தில் நாட்டின் சுகாதாரத் தலைமை இயக்குநராகவும் இருந்தார். 1992இல் தேசியச் சிறுநீரகப் பதிவேடு தொடங்கியது.

தொடக்கத்தில் தலைநகருக்கே போக வேண்டியிருந்த சிகிச்சை, மாநில மருத்துவமனைகளுக்கும், பின்னர்ச் சிறு நகரங்களுக்கும் வந்தது. அரசு மருத்துவமனைகள், அறநிலையங்கள், தனியார் நிலையங்கள் என மூன்று வகை நிலையங்கள் உண்டாயின. சொக்சோவில் சந்தா கட்டிய தொழிலாளி தகுதி பெற்றால் அந்த நிறுவனம் சுத்திகரிப்புச் செலவை ஏற்கிறது. இதை அறியாமல் தாலிக்கொடியை அடகு வைத்த குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். நோய் உறுதியான உடனே மருத்துவமனையின் சமூக நல அதிகாரியைப் பார்த்து, என்ன உதவிகள் உண்டு என்று கேட்பது முதற்கடமை.

நாட்டில் இன்று 50,000க்கும் மேற்பட்டோர் சுத்திகரிப்புச் சிகிச்சையில் இருக்கிறார்கள். புதிதாக வருபவர்களில் பாதிக்கு மேற்பட்டோரை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது இனிப்பு நீர் நோய். 2023ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர் உண்டு. இந்தியரிடையே அது இன்னும் மிகுதி. 1896இல் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்த் தோட்டம் தொடங்கிய காலத்தில் தொழிலாளரைக் கொன்றது மலேரியா. அதை வென்றோம். இன்று நம்மை வாட்டும் நோய் கொசுவால் வருவதில்லை. சமையலறையிலும் காப்பிக் கடையிலும் வளர்கிறது.

இப்போது நம் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பெயர்கள் வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆறாம் ஆண்டில் ஒரு மாணவி இருந்தாள். நன்றாகப் படிக்கும் பிள்ளை. திடீரென்று வகுப்புக்கு வராமல் போக ஆரம்பித்தாள். வந்த நாளிலும் மேசையில் தலை வைத்துத் தூங்கிவிடுவாள். நாம் கண்டித்தோம், ஒரு நாள் வகுப்புக்கு முன்னால் நிற்கவும் வைத்தோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மாத முடிவில் வருகைப் பதிவேட்டைக் கூட்டும்போதுதான் கவனித்தோம்: வராத நாள்கள் எல்லாம் திங்கள், புதன், வெள்ளி. சோம்பேறிப் பிள்ளை இப்படி ஒழுங்காக நாள் பார்த்து விடுப்பு எடுக்காது.

அன்று மாலை வீட்டுக்குப் போனோம். தந்தை பல ஆண்டு பால் வெட்டி, பிறகு செம்பனையில் வேலை செய்தவர். இனிப்பு நீரைக் கவனிக்காமல் விட்டவர். சிறுநீரகம் போய்விட்டது, இயந்திரம் வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது, “மெஷினில் படுத்தவன் பிழைத்ததில்லை” என்று யாரோ சொன்னதை நம்பி, வேர் மருந்து குடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஓரிரவு மூச்சு முட்டி மயங்கிய பிறகே சிகிச்சை தொடங்கியது. மனைவி வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் தந்தையைக் கூட்டிப் போவதும், காத்திருப்பதும், திரும்பி வந்தபின் சோர்ந்து கிடப்பவருக்குக் கஞ்சி கொடுப்பதும் 12 வயதுப் பெண்ணின் வேலையாகிவிட்டது. மூத்த பையன் ஒருவன் உண்டு. “ஆம்பளைப் புள்ளைக்கு இது வராது சார்” என்றார் தாய்.

நாம் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டோம். பிறகு அக்கம்பக்கத்தாரை அழைத்துப் பேசினோம். ஒரு நாள் அண்ணன், ஒரு நாள் சித்தப்பா, ஒரு நாள் கோயில் குழுவைச் சேர்ந்த ஒருவர் என்று முறை வைத்தோம். மூவரும் வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள்தான். அதுவரை யாரும் அவர்களைக் கேட்கவில்லை, அவ்வளவே. பெண் பள்ளிக்குத் திரும்பினாள். ஆனால் ஒரு வேலையை மட்டும் அவள் விடவில்லை. ஒரு பயிற்சிப் புத்தகத்தில் கோடு போட்டு, சிகிச்சைக்கு முன் எடை, பின் எடை, இரத்த அழுத்தம், அன்று குடித்த நீர் என்று தந்தையையே சொல்லச் சொல்லி எழுதி வந்தாள். எண்களைப் பார்க்கப் பார்க்கத் தந்தைக்கும் அதில் அக்கறை வந்தது. ஓர் ஆண்டில் அவரே எழுத ஆரம்பித்தார். ஏழு ஆண்டு இருந்தார். மகள் ஐந்தாம் படிவம் முடித்ததைப் பார்த்துவிட்டே போனார்.

அந்தப் புத்தகம் நமக்கு ஒரு கணக்கைக் கற்றுத் தந்தது. ஒரு வாரத்தில் 168 மணி நேரம். நல்ல சிறுநீரகம் அத்தனை மணியும் வேலை செய்கிறது. இயந்திரம் செய்வது 12 மணி நேரம். மிச்சம் 156 மணி நேரம் நோயாளியின் கையிலும் குடும்பத்தின் கையிலும் இருக்கிறது. அந்த 156 மணி நேரத்தை எப்படி நடத்துவது?

முதலாவது, நீர். ஒரு லிட்டர் நீர் உடலில் தங்கினால் எடை ஒரு கிலோ ஏறும். சிறுநீர் வராதவர் குடித்ததெல்லாம் அடுத்த முறை இயந்திரம் எடுக்க வேண்டிய சுமை. மிகுதியாக ஏறினால் இதயமும் நுரையீரலும் தத்தளிக்கும். மிகுதியாக ஒரேயடியாக எடுத்தால் கால் குரக்கு வலிக்கும், அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். பொதுவாக, ஒரு நாள் வெளியேறும் சிறுநீரின் அளவோடு அரை லிட்டர் சேர்த்துக் குடிக்கச் சொல்வார்கள். உங்களுக்கு மருத்துவர் சொல்லும் அளவே அளவு. காலையில் அந்த அளவு நீரை ஒரு போத்தலில் ஊற்றி வையுங்கள். தேநீர், குழம்பு, ரசம், கஞ்சி எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

இரண்டாவது, உப்பு. தாகத்தைத் தூண்டுவது உப்பு. கருவாடு, நெத்திலி, ஊறுகாய், சோயாச் சாறு, பொட்டல மீ ஆகியவற்றைக் குறைத்தால் தாகம் தானே குறையும். கடையில் விற்கும் ‘குறைந்த உப்பு’ப் பொட்டலங்கள் சிலவற்றில் பொட்டாசியம் இருப்பதால் கேட்காமல் வாங்கக் கூடாது.

மூன்றாவது, பழம். பொட்டாசியம் மிகுந்தால் இதயம் திடீரென நின்றுவிடலாம். வாழைப்பழம், இளநீர், டுரியான் இவற்றில் அது மிகுதி. கீரை, கிழங்கு வகைகளைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, நீரை வடித்துவிட்டுச் சமைக்கலாம். ஆனால் பெலிம்பிங் என்னும் நட்சத்திரப் பழத்தை மட்டும் ஒரு துண்டும் தொடக் கூடாது. அதில் மூளையைத் தாக்கும் நஞ்சு ஒன்று உண்டு. 2013இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் அதைப் பிரித்து அடையாளம் காட்டினார்கள். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். செயலிழந்த சிறுநீரகத்தால் முடியாது. விக்கல், குழப்பம், வலிப்பு, மரணம் என்று அது போகும். நம் வீட்டுக் கொல்லையில் காய்க்கும் மரம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

நான்காவது, மாத்திரையும் முறையும். சாப்பாட்டோடு விழுங்க வேண்டிய மாத்திரையைச் சாப்பிட்டு முடித்து இரண்டு மணி கழித்து விழுங்கினால் பயன் இல்லை. உடம்பு நன்றாக இருக்கிறது என்று ஒரு முறையைத் தவறவிடக் கூடாது. உடம்பு நன்றாக இருப்பதே தவறாமல் போனதால்தான்.

இனிப் பார்த்துக்கொள்பவரைப் பற்றி. நோயாளிக்குப் படுக்கை இருக்கிறது, தாதி இருக்கிறார், மருத்துவர் இருக்கிறார். அவருடைய மனைவிக்கு யார் இருக்கிறார்? நான்கு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்து, வீடு வந்து, இரண்டு வகைச் சமையல் செய்து, கணவரின் கோபத்தையும் கேட்டு, இரவு விழித்திருக்கும் அந்தப் பெண்ணுக்கே பல வேளைகளில் இரத்தக் கொதிப்பு இருக்கும்; தன் மாத்திரையைத் தான் விழுங்க மறந்திருப்பார். அவர் விழுந்தால் இரண்டு பேர் விழுவார்கள். ஆகவே குடும்பம் கூடி வேலையைப் பங்கிட வேண்டும். ஆண் பிள்ளைக்கும் பங்கு உண்டு. வாரத்தில் ஒரு நாளாவது அவர் கோயிலுக்கோ உறவினர் வீட்டுக்கோ கவலையின்றிப் போய்வர வேண்டும். தமக்கும் ஆண்டுக்கொரு முறை சோதனை செய்துகொள்ள வேண்டும். நோயாளியால் முடிந்ததை அவரே செய்யட்டும். எடை எழுதுவது, நீர் அளப்பது, மாத்திரை எடுத்து வைப்பது ஆகியவற்றை அவரிடமிருந்து பறித்துக்கொண்டால் அவருடைய மனம்தான் முதலில் படுத்துவிடும்.

சுத்திகரிப்பில் இருப்பவர்களும் வேலைக்குப் போகிறார்கள், பேரப்பிள்ளையைத் தூக்குகிறார்கள். 1989இல் இரத்தம் ஊறச் செய்யும் ஊசி மருந்து பயன்பாட்டுக்கு வந்தபின், முன்பிருந்த வெளிறிய சோர்வும் பலருக்குக் குறைந்தது. வயிற்றுக்குள் நீரேற்றி வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையும், 1976 முதல் அமெரிக்காவில் உருவாகி வளர்ந்து, இன்று நம் நாட்டிலும் இருக்கிறது. நிலையத்துக்குத் தொலைவில் உள்ள தோட்டத்தார் இதைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்.

நோய் இல்லாதவர்களுக்கும் ஒரு சொல். 30 வயது கடந்தவர்கள் அரசு கிளினிக்கில் இரத்தத்தில் இனிப்பு, இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம் ஆகிய மூன்றையும் சோதித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் வலி காட்டாமலே கெடும்; சோதனைதான் முன்கூட்டிச் சொல்லும்.

ஒரு தாயின் கண்ணீரைப் பார்த்த இளம் மருத்துவர் மர உருளையைச் சுழற்றினார். ஒரு சிறுமிக்காகப் பொறியாளர்கள் இரவு பகல் விழித்தார்கள். நியாயம் கேட்ட மக்களின் குரலால் ஒரு நாட்டில் சட்டம் பிறந்தது. அத்தனை பேர் உழைப்பும் சேர்ந்த பின்னரே அந்த 12 மணி நேரம் நமக்குக் கிடைத்திருக்கிறது. மிச்சமுள்ள 156 மணி நேரத்தை நாம் ஒழுங்காக நடத்துவோம். நாளைக் காலை உங்கள் வீட்டில் ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்துக் கோடு போடுங்கள். எழுதத் தெரியாதவர் இருந்தால், பள்ளியிலிருந்து வந்த பிள்ளை எழுதட்டும். ஆனால் பிள்ளை பள்ளிக்குப் போய்விட்டு வந்து எழுதட்டும்.